தூக்கிச் சாத்தும் கதவு

முன் இடது மூலையில் ஜாக்கி கொடுத்து
நாலு சுற்று சுற்றியதும்
பின்கதவு மாட்டிக்கொண்டது.
"பாத்தியா சார்," என்றார் நஜ்மு பாய்.
"மூக்கத் தூக்கினா முதுகு வளையுது.
இது காரா, கயித்துக் கட்டிலா?"

எண்பத்தொன்பது மாடல் கான்டெஸா.
துறைமுகத்தில் டாலி எழுதுகிறவனுக்கு
இது அதிகம் என்று
தண்டையார்பேட்டை எப்போதோ சொல்லிவிட்டது.
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள்
தோண்டிவைத்த ஒவ்வொரு பள்ளமும்
அதன் கூரைக்குத் தெரியும்.
முன்கண்ணாடி மூன்று மாற்றியாயிற்று.
மூன்றும் ஒரே மூலையிலிருந்து கீறியவை.

குழிக்குள் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன்.
இஞ்சினைத் தாங்கி வரும் இரும்பு
முன்சீட்டுக்குக் கீழே
சட்டென்று நின்றுவிடுகிறது.
பின்னச்சைத் தாங்கும் இரும்பு
அதைக் கேள்விப்படாததுபோல்
வேறெங்கோ தொடங்குகிறது.
நடுவே வெறும் தகரம்.
அதிலும் பாதி உப்புக்காற்று தின்ற மிச்சம்.
இத்தனை வருடமும் தகரத்தின் தயவில்தான்
இது ஒரே வண்டி.

கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வந்தது:
கறுப்படித்த இரண்டு சதுரக் குழாய்,
நாலு பட்டை, ஒரு பை போல்ட்டு.
பையை ஜன்னலில் வைத்தார் பாய்.
"இது பெஞ்சு பூட்ட ஆவும்.
வண்டிக்கு வெல்டிங்தான்."

கார்ப்பெட்டை உரித்தோம்.
காசிமேட்டு மணல்,
ஒற்றை ரூபாய்,
முள் நீட்டிய காம்பஸ் ஒன்று.
ஒன்பதாம் வகுப்பில் பெனிட்டா
இதைத் தொலைத்ததற்குத்தான்
என்னிடம் அடி வாங்கினாள்.

வண்டியைத் தூக்கி நிறுத்திப் பற்றவைப்பார்
என்று நினைத்திருந்தேன்.
"தொங்குற வண்டியப் பத்தவெச்சா
தொங்குற கோணல்தான் சார் நிக்கும்.
நாலு வீல்ல நிக்கணும்,
பாரத்தோட நிக்கணும்.
யாரு யாரு உக்காருவீங்க?"

நான். எழுபத்தெட்டு.
ஃபுளோரா அறுபது என்றேன்.
பாய் என் முகத்தையே பார்த்தார்.
அறுபத்தாறு.
பையன் தராசில் மணல் மூட்டை நிறுத்தான்.

"பின்னாடி?"

யாருமில்லை.
கொருக்குப்பேட்டை கேட்டில்
சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது.
பெண் இருக்கிறாள், மஸ்கட்டில்.
வருடத்துக்கு ஒருமுறை, டிசம்பரில், பத்து நாள்.

"அப்ப கீறாங்க இல்ல. எந்தப் பக்கம்?"

இடது. ஜன்னலோரம்.
எடை தெரியவில்லை.
போன வருடம் இளைத்திருந்தாள் என்றேன்.
பையன் மூட்டையிலிருந்து
இரண்டு கை மணல் அள்ளி வெளியே போட்டான்.

இந்தப் பக்கம் ஒரு இன்ச்.
ஈரச் சாக்கு. டீ.
அந்தப் பக்கம் ஒரு இன்ச்.
அவசரப்பட்டால் சூடு இழுத்துவிடுமாம்,
நிமிர்த்த வந்த இரும்பே கோணலாக்கிவிடுமாம்.
பார்க்காதே என்றார் அந்த நீலத்தை.
பார்த்தேன்.
இரவு முழுக்கக் கண்ணுக்குள் மணல்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் வரை ஓட்டினேன்.
கூரை வாய் திறக்கவில்லை.
முன்பு வண்டி உடம்பை முறுக்கி விழுங்கிய பள்ளம்
இப்போது ஒழுங்காக ஸ்பிரிங்குக்குப் போய்
மிச்சம் என் இடுப்புக்கு வருகிறது.
அப்படித்தான் வரணும் என்று பாய் சொல்லியிருந்தார்.
இதுவரை எதிலோ அமுங்கிக் கிடந்த சத்தம் ஒன்று
திருவொற்றியூர் தாண்டியதும் கேட்டது.
டேஷ்போர்டு டப்பாவில் காம்பஸ்.

காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கி இறங்கிய ஃபுளோரா
பதினோரு வருடப் பழக்கத்தில்
முழங்காலை முட்டுக்கொடுத்து
கதவைத் தூக்கிச் சாத்தினாள்.
தூக்க வேண்டியிருக்கவில்லை.
தெருவே திரும்பிப் பார்க்கும்படி அறைந்தது.
"என்னாச்சு இதுக்கு?" என்று
மீன் பையோடு நின்றாள்.

இன்னும் ஒரு மாதம் தூக்குவாள்.
பிறகு கை மறந்துவிடும்.

டிசம்பரில் இன்னொருத்தியும்
தூக்கித்தான் சாத்துவாள்.
போனில் நான்
குழாயைப் பற்றிச் சொன்னேன், செலவைச் சொன்னேன்.
கதவைப் பற்றிச் சொல்லவில்லை.